எழுதுமுன் இயக்கிப் பார்த்தல்

இலங்கையின் மாலபேயில் வளர்ந்த மில்லேனியம் ஐரி நிறுவனத்தை 2009இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் வாங்கியதும், 2011இல் அச்சந்தையின் பங்கு வர்த்தகமே அந்நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறியதும் இலங்கைக் கணினித்துறை பெருமையோடு நினைவுகூரத்தக்கவை. இத்தகைய மென்பொருளில் சிறு பிழையும் பேரிழப்பைத் தரக்கூடும் என்பதால், நிரலை முழுமையாக எழுதுமுன்னரே அதன் நடத்தையை மாதிரியுருவாக அமைத்து, அதனைக் கணினியில் இயக்கிச் சோதிக்கும் முறை பெரிதும் பயன்படுகிறது.

1983இல் டேவிட் ஹாரெல் வகுத்த நிலை வரைபடங்கள், பங்கு வாங்கவோ விற்கவோ இடப்படும் கட்டளை போன்ற ஒன்று இப்போது எந்நிலையில் உள்ளது, எந்த நிகழ்வால் அடுத்த நிலைக்குச் செல்கிறது என்பதைக் காட்டி, இம்முறைக்கு வலுவான அடித்தளமிட்டன. முழு முறைமையும் பயனர் நோக்கில் எவ்வாறு நடக்கவேண்டும் என்று கூறும் நிகழ்வுத்தொடர் 'காட்சி' எனப்படும். 1000 பங்குகளுக்கான கொள்வனவுக் கட்டளையில் 400 நிறைவேறியபின் முதலீட்டாளர் இரத்துச் செய்தால், எஞ்சிய 600 மட்டுமே நீங்கவேண்டும் என்பது அதற்கோர் எடுத்துக்காட்டு. அந்நிகழ்வுகளை ஒவ்வொன்றாக மாதிரியுருவுக்கு அளித்து, அதன் விடைகளைக் காட்சியோடு ஒப்பிடும்போது, இரத்துக் கோரிக்கையும் விற்பனையாளரின் கட்டளையும் ஒருங்கே வந்தால் எதனை முதலில் ஏற்பது என்ற, தேவைப் பட்டியலிலேயே விடுபட்ட கேள்வியும் வெளிப்படக்கூடும்.

எழுதப்படாத காட்சிகளில் பிழை மறைந்திருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும், வடிவமைப்பிலேயே அகப்படும் பிழையைத் திருத்துவது சந்தை திறந்தபின் திருத்துவதிலும் மிக எளிது என்பதால், இம்முறையை நம் மாணவர் ஆழ்ந்து கற்பது அவசியம்.