மனச்சோர்வு மாத்திரையோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் மருந்து எத்தனை வழியாக வருகிறது என்று பாருங்கள். மனநல மருத்துவர் எழுதியது சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சிலிருந்து வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். முதுகுவலி என்றால் தெருமுனை மெடிக்கலில் ரெண்டு மாத்திரை. தூக்கம் வர, யாரோ சொன்ன சூரணம் நாட்டு மருந்துக் கடையிலிருந்து. அதற்கும் மேல் டாஸ்மாக். ஓரிடத்தில் கொடுத்தது மற்ற இடத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் சாப்பிடுகிறவர் ஒருவர்தான். அவரும் கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை.

மனச்சோர்வு மருந்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவர்களை மீண்டும் வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பிய மருந்து அது. அதோடு எது போய்ச் சேருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கையில் இருப்பது என்ன மாத்திரை?

மனச்சோர்வு மருந்து சாப்பிடுவதே தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் நிறைய. சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கும், அடிக்கடி வரும் தலைவலிக்கும் அமிட்ரிப்டிலின் எழுதுவது வழக்கம். கால் எரிச்சலுக்கு டுலாக்செட்டினும் எழுதுவார்கள். இரண்டுமே மனச்சோர்வு மருந்துகள். வீட்டில் அதற்குப் பெயர் 'நரம்பு மாத்திரை'. வேறொரு மருத்துவர் "மனநல மருந்து எதுவும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பொடி எழுத்துதான் நமக்கு வேண்டியது. ஒரே எஸ்சிட்டாலோபிராம் பல பெயர்களில் விற்கிறது. ரெண்டு மருத்துவர் ரெண்டு பெயரில் எழுதினால், ஒரே மருந்தை இரட்டை அளவில் விழுங்குவோம். எஸ்சிட்டாலோபிராமோடு குளோனாசெபாம் என்ற மருந்தும் கலந்த அட்டை நம் கடைகளில் சர்வ சாதாரணம். அடுத்த பகுதியைப் படிக்க இது முக்கியம்.

குடியும் மாத்திரையும்

குளோனாசெபாம், அல்பிரசோலாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளோடு மது சேர்ந்தால் இரண்டும் மூளையை ஒரே திசையில் அமுக்கும். தூக்கம் மயக்கமாகும், அளவு கூடினால் மூச்சே குறையும். பழைய தலைமுறை மருந்தான அமிட்ரிப்டிலினோடும், இரவில் கொடுக்கும் மிர்டாசபினோடும் மது சேர்ந்தால் தள்ளாட்டம், வண்டி ஓட்டும்போது கண் சொருகுதல், படியில் விழுதல் எல்லாம் நடக்கும். புப்ரோபியான் வேறு ரகம்: கடுமையாகக் குடிப்பவருக்கும், குடியைச் சட்டென்று நிறுத்துபவருக்கும் அது வலிப்பைக் கொண்டுவரலாம்.

செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் மட்டும் எடுப்பவர் எப்போதோ ஒரு நாள் கொஞ்சம் குடித்தால் உடனே ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதிலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அறவே வேண்டாம். மது அன்றைய ராத்திரியை லேசாக்கிவிட்டு அடுத்த நாள் மனத்தை இன்னும் கீழே இறக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கு இருக்கும் தடுப்பையும் தளர்த்திவிடும்.

"இன்னிக்குச் சரக்கு இருக்கு, மாத்திரை வேண்டாம்" என்று விடுவது இன்னொரு தப்பு. நேற்றைய மருந்து இன்றும் ரத்தத்தில் இருக்கிறது. ஒரு வேளை விட்டதால் அது போய்விடாது. பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவற்றை விட்டு விட்டுச் சாப்பிட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு என்று வேறு தொல்லைகள் வரும்.

தினமும் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே முழுதாக நிறுத்திவிட வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் சொல்லி, அவர் துணையோடு நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். அவர் தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். உங்கள் வேதனை புரிகிறது; ஆனால் இது வழியல்ல.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை

மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்குகிறவருக்கும், புதுப்பேட்டையில் இன்ஜின் இறக்குகிறவருக்கும் டைக்ளோஃபினாக் பழகிய பெயர். ரத்தம் உறைய, தட்டணுக்களுக்குள் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் வேண்டும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் மூளையில் அதை ஏற்றினாலும், தட்டணுக்களில் அந்தச் சேமிப்பைக் குறைக்கின்றன. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை வயிற்றின் உட்சுவரை அரிக்கின்றன. சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு ஏறுகிறது. மதுவும் இருந்தால் இன்னும் மோசம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரண வலிக்கு, கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு, அளவோடு பாராசிட்டமால் பாதுகாப்பானது.

டிராமடால் இன்னும் கடுமை. அதுவும் மூளையில் செரோட்டோனினை ஏற்றும். வலிப்புக்கும் வழி வைக்கும். 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்திருந்தாலும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிக் கொடுப்பது உண்டு. இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இந்த வரிசையில் வரும்.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் எடுப்பவருக்கு மனச்சோர்வு மருந்தும் சேர்ந்தால், முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம் குறையலாம். பாட்டி குழம்பிப் பேசுகிறார், தடுமாறி விழுகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

காசநோய் மருந்து

முதல் மனச்சோர்வு மருந்தே காசநோய் வார்டில்தான் கிடைத்தது. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஐப்ரோனியாசிட் கொடுக்கப்பட்ட காசநோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக உற்சாகமானார்கள். மூளையில் செரோட்டோனினைச் சிதைக்கும் நொதியை அது தடுத்ததே காரணம். கல்லீரலைக் கெடுத்ததால் அது பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் குணம் இன்றைய லினிசோலிடிலும் லேசாக இருக்கிறது. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு இப்போது முக்கியமான மருந்துகளில் அதுவும் ஒன்று.

இது நமக்கு எட்டாத சங்கதி அல்ல. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிறுவனம், வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. வீட்டிலேயே வைத்தியம் என்றால், வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளும் கணக்கில் வரவேண்டும். நீண்ட நாள் இருமலும், மாதக்கணக்கான மருந்தும் மனத்தைச் சோர வைப்பது இயல்பு. ரெண்டு மருந்தும் ஒருவருக்கே தேவைப்படலாம். தேவைப்பட்டால் மருத்துவர்கள் கண்காணித்துக் கொடுப்பார்கள். இன்னொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோ எதிர்த்திசையில் போகிறது: பல மனச்சோர்வு மருந்துகளை வேகமாக வெளியேற்றி, பலனில்லாமல் செய்துவிடும்.

மருந்துகள் மோதினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1984 மார்ச்சில் நியூயார்க்கின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த 18 வயது லிபி ஜியான், ஐப்ரோனியாசிட் வகையைச் சேர்ந்த ஃபினல்சின் என்ற மனச்சோர்வு மருந்து எடுத்து வந்தார். அங்கே பெத்திடின் என்ற வலி மருந்து ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் காய்ச்சல் உச்சத்துக்குப் போய் இறந்தார். அந்த இரண்டும் மோதியதே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அந்தச் சாவின் எதிரொலியாக, இளம் மருத்துவர்களின் வேலை நேரத்துக்கே 1989-ல் நியூயார்க்கில் வரம்பு வந்தது.

மூலிகைதானே என்று

அமுக்கரா சூரணம் தூக்கத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் பகலிலும் மந்தம். அரிதாகச் சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கும். ஆன்லைனில் வரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 5-எச்.டி.பி. இரண்டும் செரோட்டோனினை ஏற்றுபவை. மனச்சோர்வு மருந்தோடு கூடவே கூடாது. அரும்பாக்கம் அண்ணா சித்த மருத்துவமனையில் காட்டினாலும் ஆங்கில மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், ஜி.எச்.சில் சூரணத்தின் பெயரைச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

மருந்து மோதினால் எப்படித் தெரியும்?

புது மருந்து சேர்ந்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், அமைதியின்மை, வியர்வை, நடுக்கம், பேதி, காய்ச்சல், கால் தசைகள் விறைத்துத் துடிப்பது ஆகியவை வந்தால் அது செரோட்டோனின் மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம். மனம் தாங்க முடியாமல் போனால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் தமிழில் பேசும். உடம்பு இப்படிக் காட்டினால் 108. புறப்படும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், காலியானதையும் சூரண டப்பாவையும் விடாமல், ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். குடித்திருந்தால் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை முதல் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.