வெகுமதியும் கைக்கூலியும்

தீபாவளிக்கு உத்தியோகஸ்தர் வீட்டைத் தேடி வரும் பழத்தட்டு அன்பளிப்பா, கைக்கூலியா? அவர் உத்தியோகத்தினின்று விலகிய மறு வருஷமும் அத்தட்டு வருமாயின் அது அன்பு. வராதாயின், அது அவருக்கு வந்ததன்று, அவருடைய நாற்காலிக்கு வந்தது.

ஆயின், அன்பாய் வந்ததையெல்லாம் ஏற்கலாமோ? 1901-ல் காந்தியடிகள் நேட்டாலினின்று புறப்படுகையில், அங்குள்ள இந்தியர் பொன்னும் வெள்ளியும் வைரமும் வழங்கினர். கஸ்தூரிபாய்க்கென்றே 50 கினி மதிப்புள்ள பொன்னாரம் ஒன்றும் வந்தது. செய்த தொண்டுக்கு நன்றியாக வந்த பொருள், கைக்கூலியன்று. எனினும் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. தொண்டுக்கு விலை பெறலாகாதென்று துணிந்து, அனைத்தையும் சமூக நன்மைக்காகத் தர்மகர்த்தர்களிடம் ஒப்புவிக்க முடிவு செய்தார்.

பிள்ளைகள் உடனே இசைந்தனர், மனைவியார் இசையவில்லை. வரப்போகும் மருமக்களுக்கு நகை வேண்டாமா, இரவும் பகலும் தாம் உழைத்ததும் தொண்டல்லவா என்று கண்ணீருடன் கேட்டார். அக்கேள்வியில் நியாயமில்லையென்று நாம் சொல்லத் துணியோம். இறுதியில் ஒருவாறு அவரும் இணங்கினார்.

கைக்கூலி கடமையை விலைக்கு வாங்குகிறது. விலையுயர்ந்த வெகுமதியோ கடமையைக் கடன்படுத்துகிறது. முன்னதைச் சட்டம் தடுக்கும். பின்னதை நம் மனமே தடுக்கவேண்டும். வாசலில் தட்டை வாங்குவோர் பெரும்பாலும் வீட்டாரே. ஆதலின், தட்டு வருமுன்னரே அவர்களுடன் கலந்து பேசி வைப்பது நலம்.