கல்யாணத்துக்கு ட்ரோன் பேசியாச்சா? இதையும் கேட்டுடுங்க!

பொன்னேரி பக்கம் இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் வீடியோகாரரிடம் கேட்கும் முதல் கேள்வி, 'ட்ரோன் உண்டா?' சித்திரையில் கரிகிருஷ்ண பெருமாளும் அகத்தீஸ்வரரும் சந்திக்கும் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம், தலைக்கு மேலே எப்படியும் ஒன்று சுற்றும். ஆனால் 'இதைப் பறக்கவிட அனுமதி இருக்கா?' என்று யாரும் கேட்பதில்லை.

2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் நாடு முழுக்க அடிப்படை. முதலில் எடை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுத்தால் கட்டாயம் வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'சின்ன ட்ரோன்தானே சார்' என்பது பதில் ஆகாது. ட்ரோனுக்குப் பதிவு எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் இருக்க வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2021 விதி.

சான்றிதழ் வாங்குவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 18 முதல் 65 வயது, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. அவ்வளவுதான். வாங்கிவிட்டால் 10 வருடம் செல்லும்.

அடுத்தது, எங்கே பறக்கலாம்? 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்கள். பச்சையில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. சிவப்பில் மத்திய அரசு சொன்னால்தான் உண்டு.

முன்பு விமான நிலையத்தைச் சுற்றி 45 கி.மீ. வரை மஞ்சள். மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் பொன்னேரியும் அதற்குள் வந்துவிடும். 2021-ல் அது 12 கி.மீ. ஆகக் குறைந்தது. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட முடியாது. ஒரு பக்கம் காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்கள், வடசென்னை அனல்மின் நிலையம். இன்னொரு பக்கம் பழவேற்காடு. அங்கே பூநாரைகளை மேலேயிருந்து எடுக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. சரணாலயத்துக்குள் படம் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். தலைக்கு மேலே இரைச்சலோடு ஒன்று வந்தால் பறவைகள் இரையை விட்டுக் கலையும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நேற்று பச்சையாக இருந்த இடம் இன்றும் பச்சையாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்க மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு. முகூர்த்தத்தன்று காலையிலும் வரைபடத்தைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளிலும் இதே 250 கிராம், 120 மீட்டர் கணக்குதான். அங்கே, கேமரா இருந்தால், 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'ஒரு ட்ரோன் வாங்கிட்டு வாங்க மாமா' என்று சொல்லி வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. மாமாவிடம் சாக்லேட் கேட்டுக்கொள்ளலாம்.