கோழி வளர்ப்பும் அயலார் இசைவும்

சோழ மன்னரின் பழந்தலைநகரமாகிய உறையூர், இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அவ்வூருக்குக் 'கோழி' என்பதும் ஒரு பெயர். கோழி ஒன்று யானையை எதிர்த்துப் பொருது வென்றது என்றும், அதனைக் கண்ட சோழன் அந்நிலத்தின் வன்மையை வியந்து ஆங்கே நகர் அமைத்தான் என்றும் பழங்கதை கூறும். சிலப்பதிகாரமும் இச்செய்தியைக் குறிக்கின்றது. வைணவர் அவ்வூர்த் திருப்பதியைத் 'திருக்கோழி' என வழங்குவர். பங்குனித் திருவிழாவில் திருவரங்கத்துப் பெருமாள் காவிரியைக் கடந்து ஆங்கு எழுந்தருள்வார். கோழியின் பெயரையே தாங்கிய இவ்வூரிலும், வீட்டுக் கொல்லையில் நான்கு கோழி வளர்க்க விரும்புவோர் பிறருடைய இசைவைப் பெறவேண்டியவராகின்றனர். இதன் காரணத்தை ஆராய்தல் பயனுடையது.

கோழி வளர்ப்பால் ஒரு குடும்பம் பெறும் நலன்கள் பல. நொய்யும் தவிடும், சமையலில் மிஞ்சும் கீரைத் தண்டும் கோழிக்கு இரையாகின்றன. புழு பூச்சிகளையும் அது கிளறித் தின்னும். அதன் எச்சம் மக்கிய பின்னர்ச் செடிகளுக்கு நல்லுரமாகும். நாட்டுக்கோழி ஓர் ஆண்டில் ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் இடும். கணவனை இழந்து தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு, நான்கு கோழிகள் பிள்ளைகளின் உணவிற்கும் கைச்செலவிற்கும் துணையாகின்றன. இதனை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டங்களை நடத்தியுள்ளது.

எனினும் அயலில் வாழ்வோருடைய நலனையும் எண்ணுதல் வேண்டும். திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளுள் புறத்தே அமைந்தவை, மக்கள் நெருங்கி வாழும் தெருக்களாகும். விடியுமுன் சேவல் கூவினால், இரவெல்லாம் துயிலாத நோயாளி வருந்துவார். கூட்டை நாள்தோறும் தூய்மை செய்யாவிடின் முடைநாற்றம் எழும், ஈ மொய்க்கும். சிதறிய தானியத்தை நாடி எலிகள் வரும். புலாலும் முட்டையும் விலக்கிய குடும்பங்களும் அருகில் வாழ்தல் கூடும். அவர்தம் முற்றத்தில் கோழி மேய்வதை அவர்கள் விரும்பார். இவ்வாறு ஒரு வீட்டாரின் வறுமையும் மற்றொரு வீட்டாரின் அமைதியும் ஒரே சுவரின் இருபுறத்தும் நிற்கின்றன. இரண்டும் மதிக்கத்தக்கனவே.

இத்தகைய சிக்கலை இங்கிலாந்து நாட்டினர் தீர்த்த முறை அறியத்தக்கது. அங்கே ஊர் மன்றங்கள், பொதுமக்கள் காய்கறி பயிரிடும் பொருட்டுச் சிறு நிலங்களைக் குத்தகைக்கு விடுகின்றன. அவற்றை 'அலாட்மெண்டு' என்பர். அத்தகைய நிலம் ஒன்றின் மரபான அளவு ஆறேகால் சென்ட் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டில் முட்டை பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. தம் பங்கு முட்டையை விட்டுக்கொடுத்த குடும்பங்கள், அதற்கு ஈடாகக் கோழித் தீவனம் பெற்று வீட்டிலேயே கோழி வளர்த்தன. ஆனால், நிலத்தின் ஒப்பந்தம் கோழி வளர்ப்பைத் தடுக்குமாயின் குத்தகையாளர் செய்வதறியாது நின்றனர்.

போர் முடிந்த பின்னர், 1950ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அலாட்மெண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இத்தடையை நீக்கிற்று. ஒப்பந்தம் யாது கூறினும், நிலத்தைப் பயன்படுத்துவோர் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்கலாம். அவற்றிற்கு வேண்டிய கூடும் அமைக்கலாம் என்று அது விதித்தது. ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லையும் வகுத்தது. வாணிகத்தின் பொருட்டு வளர்த்தல் கூடாது. உடல்நலத்திற்குக் கேடாகவோ அயலார்க்குத் தொல்லையாகவோ வளர்த்தலும் கூடாது. சட்டம் பெட்டைக்கோழியையே குறித்தது; சேவலைக் குறிக்கவில்லை. முட்டையிடுவதற்குச் சேவலின் துணை வேண்டுவதில்லை. குஞ்சு பொரிக்கும் முட்டைக்கே அது வேண்டும். ஆதலின் இவ்விதியால் ஏழையின் முட்டைக்கும் குறைவில்லை. அயலாரின் துயிலுக்கும் இடையூறில்லை.

இந்நெறி திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கும் பொருந்தும். வாடகை வீட்டில் வாழ்வோர் முதற்கண் வீட்டுடையாரின் இசைவைப் பெறுதல் வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். கோழி வளர்ப்பிற்குரிய இசைவையும் அதில் எழுதிக்கொள்ளின் பின்னர்ப் பூசல் எழாது. திருவரங்க நகராட்சி 1994ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியுடன் இணைந்து மாநகராட்சியாயிற்று. ஆகவே ஆற்றின் இருகரையிலும் உள்ளோர், துப்புரவு பற்றிய விதிகளை மாநகராட்சி அலுவலகத்திலேயே கேட்டறிதல் நலம்.

இவற்றினும் இன்றியமையாதது அண்டை வீட்டாரின் இசைவு. அதனைக் கூடு கட்டிய பின் கேட்டல் முறையன்று. கட்டுமுன் கேட்டலே முறை. எத்தனை கோழி, கூடு எவ்விடத்தில், துப்புரவு எவ்வாறு என்பவற்றை அவர்க்கு விளங்கச் சொல்லுதல் வேண்டும். கூடு அயலாரின் சுவரை ஒட்டாது விலகியிருத்தல் வேண்டும். இரையை மூடி வைத்தலும், கோழிகளை மாலையில் கூட்டிலோ பஞ்சாரத்திலோ அடைத்தலும் வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு கூட்டிலிருந்து மற்றொரு கூட்டிற்கு விரைந்து பரவும். ஆதலின் உரிய காலத்தில் தடுப்பூசி இடுவித்தல் வளர்ப்போரின் கடமையாகும்.

சட்டம் ஒருவர்க்கு உரிமையை ஒரே நாளில் வழங்கிவிடக்கூடும். அவ்வுரிமை நிலைபெறுவதோ, நாள்தோறும் கூட்டைத் துப்புரவு செய்யும் கைகளால் ஆகும். அயலார்க்குத் தீங்கு நேராவண்ணம் கோழி வளர்ப்பவர், அடுத்து வளர்க்க விரும்பும் ஏழைக்கும் இசைவு பெற்றுத் தந்தவராகின்றார்.