நதிக்கரைக் கணக்குகள் – 17: ‘கழிவு’ என்று ஒரு கட்டம்

விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில்லின் மஸ்டர் ரோலோடு (தொழிலாளர் வருகைப் பதிவேடு) போன வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும், திரும்பச் சொல்ல இடமில்லை. இந்த வாரம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை என்று அறிவித்திருந்தேன். குறிப்புகளும் தயார். முன்னுரையாக இரண்டு பத்தி இருக்கட்டும் என்று பீடி பாஸ்புக்கைக் கையில் எடுத்தேன், மொத்தப் பக்கத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது.

நெல்லை, தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு பீடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம், பேட்டை என்று எந்த ஊரின் தெருவில் பிற்பகலில் நுழைந்தாலும் திண்ணையில் கால் நீட்டி, மடியில் சுளவு (முறம்) வைத்துப் பெண்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள். முக்கூடல் என்ற ஊர்ப்பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனதில் சொக்கலால் ராம்சேட் பீடிக்குப் பெரும் பங்கு உண்டு. இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கமிருந்தும் வருகிறது. பீடியாவதோ தாமிரபரணிக் கரை வீடுகளில். அந்தத் தூள் பெண்களின் நுரையீரலுக்குச் செய்வது தனியாக எழுத வேண்டிய துயரம். இந்தத் தொடரின் வேலை கணக்கு என்பதால் அங்கேயே நிற்கிறேன்.

முதலாளியின் இடத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். ஹார்விக்கு மில் கேட் இருந்தது, சங்கு இருந்தது, உள்ளே மேஸ்திரி இருந்தார். பீடிக் கம்பெனிக்கு இவை எதுவும் கிடையாது. சரக்கு ஆயிரக்கணக்கான வீடுகளில் பிரிந்து கிடக்கிறது. எந்த வீட்டில் எவ்வளவு இலை இருக்கிறது, எவ்வளவு தூள் போனது, எத்தனை பீடி திரும்பி வரவேண்டும் என்பதெல்லாம் தெரியாவிட்டால் ஒரு மாதத்தில் தொழில் படுத்துவிடும். அந்தக் கேட்டுக்குப் பதிலாக வந்ததுதான் பாஸ்புக்.

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய புத்தகம். பழசானால் அட்டை ஓரம் பிசிறடித்து, தாளெல்லாம் புகையிலை நெடி ஏறியிருக்கும். உள்ளே கட்டங்கள்: தேதி, கொடுத்த இலை, கொடுத்த தூள், ஒப்படைத்த பீடி, கழிவு, கூலி, கையெழுத்து. கம்பெனிக்குக் கம்பெனி கட்டத்தின் வரிசை மாறும், சாரம் மாறாது. இதே வரி, அதே நேரத்தில், பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை முன்னால் விரிந்திருக்கும் பெரிய பேரேட்டிலும் ஏறும். ஒரே தகவலுக்கு இரண்டு பிரதி. ஒன்று கடையில் தங்கும், மற்றது பெண்ணின் கூடைக்குள் இலைக்கட்டோடு வீட்டுக்குப் போகும்.

இந்த அமைப்பின் மூளை ஒரு விகிதம். ஆயிரம் பீடிக்கு இத்தனை கிராம் இலை, இத்தனை கிராம் தூள் என்று கம்பெனி முன்கூட்டியே வகுத்துவைத்திருக்கிறது. கொடுத்ததைத் தராசு சொல்கிறது, வரவேண்டியதை விகிதம் சொல்கிறது, வந்தது எவ்வளவு என்று கட்டை எண்ணினால் தெரிந்துவிடும். வரவேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் அன்று மாலையே கடையில் தெரியும். கடை வாரியாக அது மொத்தமாகித் தலைமை அலுவலகம் போகும்போது, எந்த ஊர்க் கிளையில் இலை அதிகம் வீணாகிறது என்று முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். இன்று பெரிய தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கும் இஆர்பி மென்பொருளில் மூலப்பொருள் பட்டியல், வெளியாளுக்குக் கொடுத்த வேலை, நிர்ணய அளவு, வித்தியாசம் என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. அவை செய்யும் காரியத்தை ஒரு பால்பாயின்ட் பேனாவும் தராசும் பல தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கின்றன.

மாலை நேரம் கடைக்கு வந்து பாருங்கள். வரிசை நிற்கிறது. கணக்கப்பிள்ளை ஒரு கட்டை எடுத்து நுனியைப் பார்க்கிறார், இரண்டு விரலால் அழுத்துகிறார், நூலை இழுக்கிறார்.

“என்னம்மா, நூல் தளந்திருக்கு, இலை வேற ஓட்டை.”

“அண்ணாச்சி, நீங்க குடுத்த இலையே ஓட்டைதான். நான் என்னத்த செய்ய?”

“எல்லாரும் இதையே சொன்னா நான் மேல என்ன பதில் சொல்ல?”

கட்டிலிருந்து நாலைந்து பீடி ஒதுங்குகிறது. ‘கழிவு’ கட்டத்தில் ஒரு எண் விழுகிறது. அந்த எண்ணுக்குக் கூலி இல்லை. பீடி சுற்றுகிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் பாஸ்புக்கில் பிடிக்காத கட்டம் இதுதான் என்பாள். கழிவின் பெயரால் நடந்த அநியாயங்கள் கொஞ்சமில்லை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கழிவு குறித்த தகராறுக்கு வழிசெய்ய நேர்ந்ததே அதனால்தான்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்திக்கு வருகிறேன். வீட்டில் இருந்து பீடி சுற்றும் பெண் கம்பெனியின் தொழிலாளியா, இல்லையா? பல வருஷங்கள் இந்தியத் தொழில் சட்டத்தை அலைக்கழித்த கேள்வி இது. கம்பெனிகளின் வாதம் எளிமையானது. அவள் எங்கள் கூரைக்குக் கீழே இல்லை. எப்போது உட்கார்ந்தாள், எப்போது எழுந்தாள் என்று நாங்கள் பார்ப்பதில்லை. மேற்பார்வை இல்லாத இடத்தில் முதலாளி ஏது, தொழிலாளி ஏது? 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமே ஒரு பீடி வழக்கில் ஒரு பக்கமும் அடுத்த பீடி வழக்கில் மறுபக்கமும் சாய்ந்தது. 1966 சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று எழுதிவைத்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் வழக்கில் செல்லும் என்று தீர்ப்பானது. 1977-ல் வருங்கால வைப்புநிதிச் சட்டம் பீடித் தொழிலுக்கு நீட்டப்பட்டதும் மீண்டும் அதே வாதம் கிளம்பியது: வீட்டில் சுற்றுபவளுக்கு பி.எஃப். எதற்கு?

1985-ல் பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. பீடி சுற்றுவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை இல்லை. முடிந்த பீடியை வாங்கும்போது தரம் பார்த்து, சரியில்லாததைத் தள்ளிவிடும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. அந்தத் தள்ளும் உரிமையே போதிய மேற்பார்வை, அதுவே கட்டுப்பாடு. ஆகவே வீட்டில் சுற்றுபவளும் தொழிலாளிதான், அவளுக்கும் பி.எஃப். உண்டு.

கழிவுதான் சாட்சி! அவளுடைய கூலியை எது வெட்டியதோ, அதுவே அவளுக்கு முதலாளி உண்டு என்று நிரூபித்தது. நஷ்டம் வரக்கூடாது என்று கம்பெனி தனக்காகப் போட்ட கட்டம், கம்பெனியின் வாதத்தையே முறித்துப்போட்டது. இந்தத் தொடருக்காக எத்தனையோ பேரேடு, ரோக்கா, மஸ்டர் என்று புரட்டியிருக்கிறேன். ஒரு நிறுவனம் தன் பாதுகாப்புக்கென்று எழுதிவைத்த தகவல் எதிர்த்தரப்புக்கு இவ்வளவு பெரிய உரிமையை வாங்கித்தந்ததை வேறெங்கும் காணவில்லை. எழுதிவைத்த கணக்கு எழுதியவனுக்கு மட்டும் வேலை செய்வதில்லை என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறேன். அதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஆனால் பாஸ்புக்கில் ஏறாத கணக்கும் உண்டு. கொடுத்த இலையில் சொத்தை அதிகமாக இருந்தால் ஆயிரம் தேறாது. குறையும் பீடிக்கு அவள் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கிச் சுற்றி ஒப்படைப்பாள். பல இடங்களில் நூலும் அவள் செலவுதான். இந்தச் செலவுக்குக் கட்டம் கிடையாது. கம்பெனி ஏட்டில் ஆயிரத்துக்கு ஆயிரம் வந்ததாகவே இருக்கும், விகிதம் பிசகாமல். இன்னொன்று, ஒரே பாஸ்புக்கில் அம்மா, மகள், மருமகள் என்று மூன்று பேர் உழைப்பு ஏறுவது. புத்தகத்தில் பெயர் ஒருத்திக்கு, பி.எஃப். ஒருத்திக்கு. மற்ற இருவரும் தகவல் அமைப்பின் கண்ணில் பிறக்கவே இல்லை.

கணக்கை யார் கண்ணில் படும்படி வைப்பது என்று யோசிக்கும்போது அம்பாசமுத்திரம் ஞாபகம் வருகிறது. அங்கே ஆற்றங்கரைக் கோயிலில் வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அரசன் 290 காசை இளங்கோய்க்குடிச் சபையாரிடம் கொடுக்கிறான். முதல் கெடக்கூடாது. காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி, ஆக 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு கோயிலில் எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று அரிசி, நெய் வரைக்கும் அளவு வெட்டியிருக்கிறது. முதல், வட்டி விகிதம், வரவு, செலவு நான்கும் ஒரே கல்லில். சபையார் ஏதாவது குறைத்து அளந்தால், கல்லைக் காட்டிக் கேட்க ஊரில் ஒருவராவது இருந்திருப்பார். தகவலைப் பெட்டியில் பூட்டாமல் பொது இடத்தில் வைத்த முறை அது. இதைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதலாம், இப்போது முடியாது.

பாஸ்புக்கும் ஒருவகையில் அந்தக் கல்லைப் போன்றதுதான், பிரதி அவள் கையில் இருந்தவரை. எழுத்து தெரியாதவள்கூடப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு வாசிக்கச்சொல்லி, “நேத்து கழிவு இவ்வளவு எப்படி வந்துது அண்ணாச்சி?” என்று மறுநாள் கேட்டுவிட முடியும்.

இப்போது கணக்கு சர்வருக்குப் போய்விட்டது. 2014-ல் பி.எஃப். அலுவலகம் எல்லோருக்கும் யுஏஎன் என்ற ஒரே எண்ணைக் கொடுத்தது, பிறகு ஆதாரோடு இணைக்கச் சொன்னது. வேலை மாறினாலும் கணக்கு தொலையாது என்பதால் மாநகரத்து ஊழியருக்கு அது பெரிய வசதி. முக்கூடல் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? அவள் பெயர் பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன்பே பீடி சுற்ற ஆரம்பித்தவள், பாஸ்புக்கில் தகப்பனார் இனிஷியல். கம்பெனிப் பேரேட்டில் ‘பேச்சி’. ஆதாரில் புருஷன் இனிஷியலோடு பேச்சியம்மாள். பிறந்த தேதியைக் கணக்கப்பிள்ளை ஒரு குத்துமதிப்பில் எழுதினார், ஆதார் முகாமில் வேறொருவர் இன்னொரு குத்துமதிப்பில் எழுதினார். கடையில் அவளைத் தெரியாதவர் கிடையாது. கம்ப்யூட்டருக்கோ மூன்று பேச்சிகள். இணைக்க முடியாது, பணம் எடுக்க முடியாது. பத்து வருஷ சேவைக்குப் பிறகு வரவேண்டிய ஓய்வூதியமும் நிற்கும். திருத்த வேண்டுமானால் தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திட்ட படிவம் கேட்டார்கள். கடையை மூடிவிட்டுக் கம்பெனி போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவள் யாரிடம் போவாள்?

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரேட்டில் அடித்தல் திருத்தல் செய்து ஏமாற்றுவது எளிது, சர்வரில் அது கடினம். கூலி நேரே வங்கிக்குப் போவதால் இடையில் பிடித்தம் பண்ணும் கைகள் குறைந்திருக்கின்றன. என் கோரிக்கை ஒன்றே ஒன்று: கூடைக்குள் போன அந்த இரண்டாவது பிரதி போனுக்குள்ளும் போகவேண்டும், தமிழில், கழிவுக் கட்டத்தோடு. அன்றாடம் மாலை ஒரு குறுஞ்செய்தி: இத்தனை இலை, இத்தனை தூள், இத்தனை பீடி, இத்தனை கழிவு. வங்கியில் நூறு ரூபாய் எடுத்தால் செய்தி வருகிற நாட்டில் இது முடியாத காரியமா?

இதைக் கேட்பதற்குத்தான் மத்தளம்பாறை. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-ல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருள் நிறுவனம், 2011-ல் தென்காசிப் பக்கத்தில் அலுவலகம் போட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்தார். ‘சோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் அங்கே வளர்ந்தது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் வாடிக்கையாளர் ஒரு குறை சொன்னால் அதற்கு ஓர் எண் கொடுத்து, யார் கவனிக்கிறார்கள், எப்போது தீரும் என்று கடைசிவரை விடாமல் தொடரும் மென்பொருள். சுற்றுவட்டாரத்திலேயே பீடி சுற்றும் ஊர்கள் இருக்கின்றன, அங்கே குறைக்கு எண் கிடையாது. அடுத்த வாரம் அங்கிருந்து விரிவாக எழுதுகிறேன்.

அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அம்மா, ஆச்சி, அத்தை யாராவது பீடி சுற்றியிருந்தால், பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய பாஸ்புக் கிடக்கும். கம்பெனி மூடியிருந்தாலும் கிழிந்திருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அசலை பி.எஃப். குறைதீர் நாளில் கையோடு கொண்டுபோங்கள். அவர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதற்கு இன்று அது ஒன்றுதான் எழுத்தில் மிஞ்சியிருக்கக்கூடும்.

(தொடரும்)