இதய உறைக்குள் மண் கிருமி

புக்கிட் பெருந்துங், ராசா, பத்தாங்காலி வட்டாரத் தோட்டத்து மக்களுக்கு மழையில் ஊறிய மண் புதிதல்ல. செம்பனைக் காட்டிலும் வீட்டுக் கொல்லையிலும் அதை மிதித்தே வளர்ந்தவர்கள். அந்த ஈர மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, மிக அரிதாக, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து சீழ் பிடிக்க வைக்கிறது. இந்தக் கிருமியால் வரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ்.

1911இல் ரங்கூனில் இதை முதலில் கண்டறிந்தவர்கள் ஆல்பிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த கினிப்பன்றிகள் இதே கிருமியால் மடிந்தன. 1992இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி புதுச்சேரி குழுவினர், இரத்தத்தில் கிருமி பரவிய 50 பேரைப் பற்றி எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை.

இதய உறைக்குள் இயல்பாக இருப்பது 15 முதல் 50 மில்லிலிட்டர் நீர்தான். சீழ் வேகமாகச் சேர்ந்தால் உறை அதற்கேற்ப விரியாது. இதயம் நெருக்கப்பட்டு, இரத்தம் நிரம்ப இடமின்றித் திணறும். இரத்த அழுத்தம் இறங்கும், கழுத்துச் சிரை புடைக்கும். நோயாளியால் மல்லாந்து படுக்க முடியாது. முன்பக்கம் குனிந்தே உட்கார்ந்திருப்பார். எக்கோ திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்தபடியே மருத்துவர் நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு அடியில் ஊசியைச் செலுத்திச் சீழை இழுக்கிறார். நெருக்கம் தளர்ந்ததும் மூச்சு சீராகும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நம் மலேசியாவில் காசநோய் அதிகம். இதய உறையில் நீர் கோத்தால் பல மருத்துவர்களுக்கு முதலில் அதுதான் தோன்றும். காசநோய் மருந்து இந்தக் கிருமியைத் தொடாது. பென்சிலினும் பயனில்லை. எடுத்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்பியே தீர வேண்டும். ஆய்வுக்கூடம் இந்தக் கிருமியை நினைவில் வைத்துத் தேடவும் வேண்டும்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களையே இந்தக் கிருமி அதிகம் தாக்குகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். எனக்கு அச்சம் தருவது அந்தக் கணக்குதான். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து கிளினிக்குக்குப் போனால், "எனக்கு இனிப்பு நீர் இருக்கு டாக்டர், போன வாரம் காலில் புண்ணோடு கால்வாய் வெட்டினேன்" என்று நீங்களே சொல்லுங்கள். பலரும் கேட்காத கேள்விக்கான பதில் அது.

சிகிச்சை நீளமானது. குறைந்தது இரண்டு வாரம் செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி. இதய உறை போன்ற ஆழமான இடத்தில் இன்னும் கூடுதல். பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமாக்சசோல் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தியவர்களிடம் நோய் திரும்பி வந்திருக்கிறது. தடுப்பூசி இன்னும் கிடையாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் பூட்ஸ் போட்டு மண்ணில் இறங்கட்டும். காலில் புண் இருந்தால் ஆறும்வரை இறங்கவே வேண்டாம்.