கடைசிப் பாட்டு ஏன் கரகரங்குது?

பழைய எல்.பி. வாங்குற மக்கள் வழக்கமா சொல்ற குறை இது: முதல் பாட்டு அமிர்தம், கடைசிப் பாட்டுல ‘ஸ’, ‘ஷ’ வர்ற இடமெல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். உடனே "தட்டு தேஞ்சிடுச்சு"ன்னு முடிவு கட்டி மூலையில வச்சுடுவாங்க. தேஞ்சும் இருக்கலாம். அதுக்கு முன்னாடி கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் கவனிங்க.

தட்டு நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுத்துது. வெளி ஓரத்துல முள்ளுக்கடியில நொடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடும். லேபிள் பக்கம் வந்தா சுமார் 20 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்துல நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. வெளியே தெரியாத சின்னக் கோணல்கூட உள்ளே வந்தா காட்டிக் கொடுத்துடும்.

கோணல் எப்படி வருது? தட்டை வெட்டுற மெஷின் நேர்கோட்டுல நகருது, நம்ம டோன்ஆர்ம் வில் மாதிரி வளைஞ்சு வருது. ரெண்டும் கச்சிதமா ஒத்துப்போறது ரெண்டே இடத்துலதான். 1938ல லோஃப்கிரென், 1941ல பேர்வால்ட்னு ரெண்டு பேர் இதுக்குக் கணக்குப் போட்டு வச்சாங்க. இன்னிக்கும் பலர் பயன்படுத்துற அளவு, தட்டின் மையத்துலேர்ந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. இந்தப் புள்ளிகள் போட்ட புரொட்ராக்டர் தாள் நெட்ல கிடைக்கும். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வச்சு அளந்துக்குங்க, பிரிண்டர் சுருக்கிட்டா அத்தனையும் வீண்.

முதல்ல ஒயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஸ்க்ரூவை லூசா விட்டு, ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கை 0ல வச்சு, கை அந்தரத்துல மிதக்கிற மாதிரி பேலன்ஸ் பண்ணி, அப்புறம் எடை. உதாரணத்துக்கு ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், 1.6லேர்ந்து 2.0 வரை போகலாம்.

இங்கதான் நிறைய பேர் தட்டு மேல பாவப்பட்டு 1.2ல வைக்கிறாங்க. அந்தப் பாவம்தான் தட்டைக் கொல்லுது! எடை பத்தாத முள் பள்ளத்தோட சுவரைப் பிடிக்க முடியாம தாவித் தாவி விழும், விழுற இடத்தையெல்லாம் செதுக்கும். 80கள்ல எக்கோ போட்ட இளையராஜா எல்.பி. மாதிரி ஒண்ணைக் கெடுத்துட்டா மறுபடி எங்க போய்த் தேடுறது? சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க.

இப்போ புரொட்ராக்டர். முள் ரெண்டு புள்ளியிலயும் உக்காரணும், கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையா நிக்கணும். ஒண்ணு சரியானா இன்னொண்ணு விலகும், ஒரு மணி நேரம் சட்டுனு போயிடும். டீ போட்டு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க :-) ஸ்க்ரூவை இறுக்குறப்போ கார்ட்ரிட்ஜ் திரும்பும், அதனால மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா. இடம் நகர்ந்தா எடையும் மாறும், மறுபடி தராசுல வைங்க. கடைசியா ஆன்ட்டி-ஸ்கேட்டிங்கை அந்த எடை எண்ணுக்கே திருப்பி, அங்கேர்ந்து காதால கேட்டு ஏத்தி இறக்கலாம்.

இவ்வளவுக்கும் அப்புறம் அதே தட்டு கரகரத்தா, வேற தட்டோட கடைசிப் பாட்டைப் போடுங்க. அது சுத்தமா வந்தா, முதல் தட்டை முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் தேஞ்ச முள்ளுல ஓட்டியிருக்கார்னு அர்த்தம்.